கேரியில் கிரீன்வே நடை: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கரோலினாவின் கேரிக்குக் குடிவந்த புதிதில், எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ஒரு பாதை ஓடுகிறது என்பதே நான்கு மாதம் வரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் பார்க்கிங்கின் கோடிக்குப் போய் மரங்களுக்குள் நுழைந்து மறைவார். முக்கால் மணி நேரம் கழித்து வேறு பக்கமாகத் திரும்பி வருவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். "வாருங்கள், காட்டுகிறேன்" என்று கூட்டிப் போனார். கொஞ்ச தூரம் மண் தடம். அதைத் தாண்டியதும் சுமார் 10 அடி அகலத்தில் வழவழப்பான தார்ப்பாதை. அதை ஒட்டி ஒரு ஓடை. ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டு ஒரு தாய் போகிறார், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள். கார் ஒன்றுகூட இல்லை.

அந்த நான்கு மாதமும் நாங்கள் நடப்பதற்கென்று காரை எடுத்துக்கொண்டு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தோம். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிரீன்வே என்பது கார் போகாத, தார் அல்லது கான்கிரீட் போட்ட நடைபாதை. நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம், சக்கர நாற்காலியிலும் போகலாம். கேரியில் இப்படி 80 மைலுக்கும் மேல் பாதைகள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டியதும் இல்லை. ஆனால் நுழைவாயில்கள் பெரிதாகக் கண்ணில் படாது. யாராவது ஒரு முறை கையைப் பிடித்துக் காட்டினால்தான் தெரியும்.

முதல் படி: உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாதையைக் கண்டுபிடியுங்கள்

டவுன் ஆஃப் கேரியின் இணையதளத்தில் பூங்காக்களும் கிரீன்வேக்களும் சேர்ந்த வரைபடம் இருக்கிறது. அதைத் திறந்து முதலில் உங்கள் வீட்டைத் தேடுங்கள். ஊரில் பிரபலமான பாதை எது என்று தேடாதீர்கள், அது அப்புறம். காரை எடுக்காமல் போக முடிகிற பாதைதான் உங்கள் அன்றாடப் பாதையாக நிலைக்கும். காரில் போய் நடக்க வேண்டிய பாதைக்கு இரண்டு வாரம் போவோம், மூன்றாவது வாரம் சோம்பல் வந்துவிடும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வரைபடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இருக்கிற பாதைகளோடு இனிமேல் போடப்போகிற பாதைகளையும் சில வரைபடங்களில் காட்டியிருப்பார்கள். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்ற விளக்கம் ஓரத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் கிளம்பினால், பாதை இருக்க வேண்டிய இடத்தில் காடுதான் இருக்கும். இன்னொன்று, பெரிய சாலைகளை ஒட்டி அகலமான நடைபாதைகள் உண்டு. இவை ஸ்ட்ரீட்சைட் டிரெயில். சாலைச் சத்தம் இருக்கும், ஆனால் இரண்டு கிரீன்வேக்களை இணைப்பது பல இடங்களில் இவைதான். மூன்றாவதாக, சில குடியிருப்புகளுக்குள் அங்குள்ள வீட்டு உரிமையாளர் சங்கமே போட்ட தனிப் பாதைகள் இருக்கும். அவை அங்கே குடியிருப்பவர்களுக்கானவை. நுழையும் இடத்தில் பலகை இருந்தால் படித்துவிட்டுப் போங்கள்.

பக்கத்து நுழைவாயில் தெரிந்ததும், முதல் நாள் வெளிச்சம் இருக்கும்போது, கையில் எதுவும் இல்லாமல், இருபது நிமிடம் ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்புங்கள். நுழைந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்து பார்க்கும்போது எல்லாக் கிளைப் பாதைகளும் ஒன்றுபோலவே தெரியும். எந்தத் திருப்பத்தில் வெளியே வர வேண்டும் என்று குழம்பி, வேறொரு குடியிருப்பின் நடுவில் போய் நின்றவர்கள் பலர்.

இரண்டாவது படி: ஓடையைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பாதைகளைச் சாலைகளை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ஓடைகளை வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

பெயர்களையே பாருங்கள்: பிளாக் கிரீக், ஒயிட் ஓக் கிரீக், ஸ்விஃப்ட் கிரீக், பாந்தர் கிரீக். கிரீக் என்றால் ஓடை. ஏன் பாதைகளெல்லாம் ஓடையோரமாகவே போகின்றன? மழைக்குப் பெருக்கெடுக்கும் தாழ்நிலத்தில் வீடு கட்ட முடியாது. அதனால் அந்த நிலம் காலியாகக் கிடந்தது. அதோடு, கழிவுநீர்க் குழாய்கள் பள்ளத்தை நோக்கித் தானாகவே நீர் ஓடும்படி அமைக்கப்படுகின்றன. அந்தப் பள்ளம் ஓடைதானே. குழாய் பதிக்கவும் பழுது பார்க்கவும் மரங்களை வெட்டி ஒரு தடம் ஏற்கெனவே இருந்தது. அதன் மேலேயே பாதை போட்டுவிட்டால் ஒரே நிலம் இரண்டு வேலைக்கு ஆகிறது. பக்கத்து ராலேயில் இந்த யோசனையை விரித்து 1970-களின் தொடக்கத்தில் நகர மன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தவர் வில்லியம் ஃப்ளர்னாய். அப்போது அவர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக மாணவர். இன்று ராலேயில் மட்டும் 100 மைலுக்கு மேல் கிரீன்வே இருக்கிறது.

பாதையோரத்தில் முழங்கால் உயரத்துக்கோ இடுப்பளவுக்கோ கான்கிரீட் உருளைகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அவை அந்தக் கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல்கள். வெள்ளம் வந்தாலும் உள்ளே நீர் புகாமல் இருக்கத்தான் அந்த உயரம். கோடையில் சில இடங்களில் லேசாக வாடை வருவதற்கும் அதுதான் காரணம். ஆபத்து ஒன்றும் இல்லை. பிள்ளைகளை அதன் மேல் ஏற மட்டும் விடாதீர்கள்.

சரி, ஓடை தெரிந்தால் நடப்பவருக்கு என்ன பயன்? முதலாவது, ஏற்ற இறக்கம். ஓடை போகும் திசையில் போனால் மொத்தத்தில் இறக்கம். எதிர்த்துப் போனால் ஏற்றம். புதிதாகச் சைக்கிள் விடுபவர்களும் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களும் முதலில் ஏற்றத்தில் போய், திரும்பும்போது இறக்கத்தில் வருகிற மாதிரித் திட்டமிடுங்கள். பிளாக் கிரீக் வடக்கு நோக்கி ஓடி லேக் கிராப்ட்ரீ என்ற ஏரியில் விழுகிறது. ஆகவே லேக் கிராப்ட்ரீயில் ஆரம்பித்து, தெற்கே பாண்ட் பார்க் என்ற பூங்காப் பக்கம் ஏறிப் போனால், களைத்த கால்களுக்குத் திரும்பி வருவது சுலபம். மாற்றி ஆரம்பித்தவர்கள், போகும்போது "அட, இவ்வளவுதானா" என்று உற்சாகமாகப் போய்விட்டு, திரும்பும்போது ஏழு வயதுப் பிள்ளையின் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது, நீர் எங்கே போகிறது என்பது. பிளாக் கிரீக்கின் நீர் லேக் கிராப்ட்ரீ, கிராப்ட்ரீ கிரீக் வழியாக நியூஸ் ஆற்றுக்குப் போகிறது. தெற்கே ஸ்விஃப்ட் கிரீக்கும் நியூஸில்தான் சேர்கிறது. ஆனால் மேற்கே ஒயிட் ஓக் கிரீக் எதிர்த் திசையில் ஓடி ஜோர்டான் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து கேப் ஃபியர் ஆறு. ஒரே ஊரின் இரண்டு பக்கத்தில் பெய்த மழை இரண்டு வேறு ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகிறது. இந்த ஜோர்டான் ஏரியில்தான் கேரி தன் குடிநீரை எடுக்கிறது. ஒயிட் ஓக் பாதையில் யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் பையும், எடுக்காமல் விட்ட நாய்க் கழிவும் அடுத்த மழையில் போய்ச் சேருமிடம் நம் குழாய்த் தண்ணீர் கிளம்புகிற அதே ஏரி. இது தெரிந்த நாளிலிருந்து நான் பாக்கெட்டில் ஒரு காலிப் பை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். வழியில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

மூன்றாவது, வெள்ளம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது படி: முதல் மாதத்துக்கு நான்கு பாதைகள்

சிம்ஃபனி லேக். ரீஜன்சி பார்க்வே பக்கம், கோக்கா பூத் திறந்தவெளி அரங்கத்தை ஒட்டிய ஏரி. சுற்றி வந்தால் ஒன்றேகால் மைல் அளவு. வட்டப் பாதை என்பதால் வழி தவறவே முடியாது. முதல் நடைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அரங்கத்தில் நிகழ்ச்சி இருக்கும் மாலைகளில் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம், அன்றைக்கு வேறு பாதைக்குப் போய்விடுங்கள்.

பாண்ட் பார்க். ஹை ஹவுஸ் சாலையில் 310 ஏக்கர் பூங்கா. ஏரி, படகு, விளையாட்டு மைதானம், கழிப்பறை எல்லாம் உண்டு. குடும்பத்தோடு அரை நாள் கழிக்கலாம். ஏரியைச் சுற்றிப் போகும் தடங்கள் மண் தடங்கள், வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரோலருக்கு ஆகாது. அதற்குத் தார்ப்பாதையில்தான் போக வேண்டும். இந்தப் பூங்காவை ஊரின் கிரீன்வேக்களுக்கு ஜங்ஷன் என்று சொல்லலாம். இங்கிருந்து ஒரு பக்கம் பிளாக் கிரீக், இன்னொரு பக்கம் ஒயிட் ஓக்.

பிளாக் கிரீக் கிரீன்வே. பாண்ட் பார்க்குக்கும் லேக் கிராப்ட்ரீக்கும் இடையில் ஏறி இறங்கிப் போகிறது. முழுவதையும் ஒரே நாளில் நடக்க வேண்டாம். நடுவில் நார்த் கேரி பார்க் இருக்கிறது. பார்க்கிங், கழிப்பறை, பிள்ளைகள் ஏறி விளையாட இடம் எல்லாம் இருப்பதால், அங்கே காரை விட்டு ஒரு நாள் வடக்கே, ஒரு நாள் தெற்கே என்று போகலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாதைதான். கார்கள் விரையும் கேரி பார்க்வே மேலே போக, அதன் அடியில் நாம் பாட்டுக்கு நடந்து போவோம். அதே சாலையை எத்தனை முறை காரில் கடந்திருப்போம்! கீழே இப்படி ஒரு காடு இருப்பது அப்போது தெரிந்திருக்காது.

ஒயிட் ஓக் கிரீக் கிரீன்வே. பாண்ட் பார்க்கிலிருந்து மேற்கே போய் அமெரிக்கன் டொபாக்கோ டிரெயில் என்ற நெடும்பாதையைத் தொடுகிறது. சதுப்பு நிலத்தின் மேல் போர்டுவாக் எனப்படும் நீண்ட மரப்பலகைப் பாலங்கள் வரும். கொக்கு இனத்தைச் சேர்ந்த பெரிய நீல நாரை அசையாமல் நிற்பதை இங்கே பல முறை பார்த்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்கு முன்னால் போனால் வாய்ப்பு அதிகம். கிழக்கிலிருந்து போகும்போது ஓடையின் திசையிலேயே போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். திரும்பி வரப் பாதி பலத்தை மிச்சம் வையுங்கள்.

ஹெம்லாக் பிளஃப்ஸ் என்ற இயற்கைக் காப்பிடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், அது கிரீன்வே இல்லை என்றாலும். மலைப் பகுதியில் வளரும் ஹெம்லாக் மரங்கள், மலைத்தொடரிலிருந்து வெகு தூரம் தள்ளி இங்கே குளிர்ந்த சரிவில் தங்கிவிட்டன. தார் போடாத தடங்கள். சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பக்கத்திலேயே இருக்கும் ஸ்விஃப்ட் கிரீக் கிரீன்வே, மறுசுழற்சி செய்த பொருட்களைப் பயன்படுத்திப் போடப்பட்டது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

நான்காவது படி: பாதையில் நடந்துகொள்ளும் முறை

வலது பக்கமாக நடங்கள். முந்துகிறவர்கள் இடது பக்கமாக முந்துவார்கள். பின்னாலிருந்து சைக்கிளில் வருகிறவர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார், அல்லது மணி அடிப்பார். புதிதாக வந்த நம்மில் பலர் அதைக் கேட்டதும் இடது பக்கம் நகர்ந்துவிடுகிறோம். சரியாகச் சைக்கிளின் குறுக்கே! "உங்கள் இடது பக்கமாக நான் வருகிறேன்" என்பதுதான் அதன் பொருள். கேட்டதும் வலது ஓரமாகவே நேராக நடந்துகொண்டிருங்கள், அது போதும். வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை வாசலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

கூட்டமாகப் போனால் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். வார இறுதியில் ஐந்தாறு பேராகப் பேசிக்கொண்டு போவது சுகம்தான், நாங்களும் அப்படிப் போகிறவர்கள்தான். திருப்பங்களிலும் பாலத்தின் மேலும் மட்டும் இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். போனில் பாட்டை ஒலிபெருக்கியில் வைக்கவும் வேண்டாம். எதிரே வருகிறவரைப் பார்த்துத் தலையசைப்பதோ ஒரு வணக்கம் சொல்வதோ இந்த ஊரில் சாதாரணம். நீங்களும் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்த அக்கம்பக்கத்தார் பாதிப் பேர் அப்படி ஆரம்பித்தவர்கள்தான்.

நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். எதிரே வரும் நாயைத் தொட விரும்பினால் உரிமையாளரைக் கேளுங்கள். நாய்க்குப் பயப்படும் பிள்ளை என்றால், தயங்காமல் நின்று ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டினால் போதும், அவர்களே கயிற்றைச் சுருக்கிக்கொள்வார்கள்.

பாதை சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்கள்தான் உண்மையில் ஆபத்தானவை. பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். விளக்கு மின்னியதும் ஓடிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கார் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே கால் வையுங்கள். இரண்டு தடம் உள்ள சாலையில் முதல் கார் நின்றுவிடும், அதை மறைத்துக்கொண்டு இரண்டாவது தடத்தில் ஒரு கார் நிற்காமல் வரும். பிள்ளைகள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கட்டும்.

ஐந்தாவது படி: சைக்கிள் வாங்கும் முன்

வட கரோலினாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சைக்கிளில் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம், சாலையில் மட்டுமில்லை, பொதுச் சைக்கிள் பாதையிலும். பின்னால் உட்காரும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். 40 பவுண்டுக்குக் குறைவான எடையோ 40 அங்குலத்துக்குக் குறைவான உயரமோ உள்ள குழந்தையை அதற்கென்று உள்ள பட்டை போட்ட இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வது அப்பா அம்மா தலையைப் பார்த்துத்தான்.

மின் சைக்கிளுக்கு மாநிலச் சட்டத்தின் அளவு 750 வாட் மோட்டார், மோட்டாரால் மட்டும் மணிக்கு 20 மைல் வேகம். அதற்கு மேல் போவதை வாங்கிவிட்டுப் பாதையில் கொண்டுவராதீர்கள். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் நடப்பவரைத் தாண்டும்போது வேகத்தைக் குறையுங்கள். ஒரு பாட்டி திடுக்கிட்டு விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

ஆறாவது படி: மழை பெய்த மறுநாள்

பாதை ஓடையோரமாகப் போகிறது என்றால், ஓடை பெருகும்போது பாதைதான் முதலில் மூழ்கும். சாலைக்கு அடியில் போகும் சுரங்க வழிகள் இன்னும் தாழ்வானவை. லேக் கிராப்ட்ரீ வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே கட்டிய ஏரி. பெருமழையில் நீரைத் தேக்கி வைப்பதுதான் அதன் வேலை. அப்போது கரையோரப் பாதை நீருக்கடியில் போவது இயல்பு. ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் பருவம் வேறு.

முதல் வருடம் ஒரு பெருமழைக்கு மறுநாள் சைக்கிளில் போனேன். சுரங்க வழியில் கணுக்கால் அளவு நீர்தான் என்று நினைத்து இறங்கினேன். நீரின் ஆழம் அவ்வளவுதான், ஆனால் அடியில் நான்கு விரல் அளவுக்குச் சேறு படிந்திருந்தது. முன்சக்கரம் வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. ஓடும் நீரில் இறங்க வேண்டாம், நிற்கும் நீரிலும் வேண்டாம். நீர் வடிந்த பிறகும் அந்தச் சேறு இரண்டு மூன்று நாள் எண்ணெய் மாதிரி வழுக்கும். பெருமழை பெய்தால் ஒரு வாரத்துக்கு மேட்டுப் பகுதிப் பாதைகளுக்குப் போய்விடுங்கள்.

போர்டுவாக் பலகைகள் ஈரத்திலும் இலையுதிர் காலத்திலும் வழுக்கும். ஜனவரி காலைகளில் தார் காய்ந்திருந்தாலும் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பனி உறைந்திருக்கும். சைக்கிளில் வந்தால் பலகை மேல் திருப்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள். கோடை மாலைகளில் இடி கேட்டால் உடனே திரும்பிவிடுங்கள்.

மரம் விழுந்து பாதை அடைபட்டிருந்தாலோ பலகை உடைந்திருந்தாலோ 311-ஐ அழைத்து டவுனுக்குச் சொல்லலாம். எந்தப் பாதை, எந்தச் சாலைக்குப் பக்கத்தில் என்று சொன்னால் போதும்.

ஏழாவது படி: பாம்பு, உண்ணி, ஒரு செடி

பாம்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். இந்தப் பகுதியில் கவனிக்க வேண்டிய விஷப் பாம்பு காப்பர்ஹெட். செம்பு கலந்த பழுப்பு நிறம், உடலில் மணற்கடிகார வடிவக் குறுக்குப் பட்டைகள். கோடையில் இருட்டும் நேரத்தில் சூடு ஆறாத தார் மேல் வந்து கிடக்கும். பாதையில் நீங்கள் பார்க்கப்போகும் பெரும்பாலான பாம்புகள் விஷமில்லாதவை. அடிக்கவும் வேண்டாம், குச்சியால் தள்ளவும் வேண்டாம். பத்தடி தள்ளி நின்றால் அதுவே போய்விடும். கடித்துவிட்டால் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். உட்கார வைத்து அசையாமல் வைத்திருங்கள். கத்தியால் கீறுவது, கயிறு கட்டுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் கூடாது.

என் அனுபவத்தில் உண்ணிதான் அதிகத் தொல்லை. தார் நடுவில் நடந்தால் கவலை குறைவு. ஓரப் புல்லில் இறங்கினாலோ புதருக்குள் பந்து தேடினாலோ ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டை, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முதுகில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும் லோன் ஸ்டார் உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஒவ்வாமல் போய்விடுவதும் உண்டு.

செடி, பாய்சன் ஐவி. மும்மூன்று இலைகளாக இருக்கும். மரத்தில் கொடியாக ஏறினால் தண்டில் முடி முடியாகத் தெரியும். குளிர்காலத்தில் இலை இல்லாத கொடியைத் தொட்டாலும் அரிக்கும். பட்டுவிட்டால் தாமதிக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் எண்ணெய் நாயின் ரோமத்திலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பைன் மகரந்தம் எல்லாவற்றின் மேலும் மஞ்சளாகப் படியும். ஆஸ்துமா உள்ளவர்கள் அப்போது மழை பெய்து ஓய்ந்ததும் நடக்கலாம். லேக் கிராப்ட்ரீயில் நீந்தக் கூடாது, பிடித்த மீனைச் சாப்பிடவும் கூடாது. பக்கத்திலிருந்த ஒரு தொழில் வளாகத்திலிருந்து கலந்த பிசிபி என்ற ரசாயனம் மீன்களில் இருப்பதாக எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்காமல் தூண்டிலோடு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால்

இதற்குத் தனியாக ஒரு பகுதி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. ஆறு மாதம் தங்க வருகிறார்கள். கார் ஓட்டத் தெரியாது, நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். பகல் முழுக்க நான்கு சுவருக்குள். யாரையும் எதிர்பார்க்காமல் அவர்களாகவே வெளியே போய்வர இந்த ஊரில் இருக்கிற ஒரே வழி கிரீன்வேதான்.

என் அம்மாவுக்கு நான் செய்தது இது. முதல் மூன்று நாள் கூடவே நடந்தேன். நான்காம் நாள் அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போனேன், வழியை அவர்தான் சொல்ல வேண்டும். திரும்ப வேண்டிய இடங்களுக்கு அவரே பெயர் வைத்தார்: சிவப்புப் பெஞ்சு, இரட்டை மரம், பெரிய பாலம். அங்கே இருக்கிற பலகைப் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. வீட்டு முகவரி, எங்கள் எண், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்தோம். போனில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியைப் போட்டுவிட்டோம். செருப்பு வேண்டாம், வழுக்காத ஷூதான் என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. இரண்டாவது வாரத்தில், தெலுங்கு பேசும் ஒரு அம்மாவும் சீனப் பெரியவர் ஒருவரும் அவருக்கு நடைத்தோழர்கள் ஆகிவிட்டார்கள். மூவருக்கும் பொதுவான மொழி கிடையாது.

உதவி தேவைப்பட்டால் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்பதை எல்லோருமே பழகிக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் வீட்டு எண் கிடையாது. 911-ஐ அழைத்தால் பாதையின் பெயரையும், கடைசியாகக் கடந்த சாலை அல்லது தலைக்கு மேலே போன பாலத்தின் சாலைப் பெயரையும் சொல்லுங்கள். ஒவ்வொரு சாலையைக் கடக்கும்போதும் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்.

வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். ஜூனில் 8.30 வரை சூரியன் இருக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே மறைந்துவிடும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டு. லேக் கிராப்ட்ரீ கவுண்டி பூங்காவில் சூரியன் மறையும் நேரத்தில் வாசல் கதவைப் பூட்டிவிடுவார்கள். காரை உள்ளே விட்டிருந்தால் அரை மணி நேரம் முன்பாகவே திரும்பி வந்துவிட வேண்டும்.

கடைசிப் படி: ஊரைத் தாண்டிப் போவது

இரண்டு மூன்று மாதம் ஆனதும் பாதை எங்கே முடிகிறது என்று பார்க்கும் ஆசை வரும். லேக் கிராப்ட்ரீயிலிருந்து ஓல்ட் ரீடி கிரீக் சாலை வழியாகப் போனால் அம்ஸ்டெட் மாநிலப் பூங்கா. 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு. உள்ளே தார் இல்லை, சரளைப் பாதை, ஏற்ற இறக்கம் அதிகம். மெல்லிய டயர் சைக்கிளுக்கு ஒத்துவராது. அதைத் தாண்டினால் ராலேயின் ரீடி கிரீக் பாதை, வட கரோலினா கலை அருங்காட்சியகத்தின் சிற்பங்கள் நிற்கும் புல்வெளி, நெடுஞ்சாலையின் மேல் வளைந்து நிற்கும் நடைப்பாலம்.

மேற்கே போனால் அமெரிக்கன் டொபாக்கோ டிரெயில். பக்கத்து நகரமான டர்ஹமின் புகையிலை ஆலைகளுக்குச் சரக்கு கொண்டுபோன பழைய ரயில் தடம், 22 மைல். ரயில் போன தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது, பெரும்பாலும் நேர்க்கோடு. நெடுந்தூரம் போக ஆசைப்படும் புதியவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். கேரி இருக்கும் வேக் கவுண்டிப் பகுதியில் இறுக்கிய கல்தூள், டர்ஹம் பக்கம் தார். ஐ-40 நெடுஞ்சாலையைத் தாண்டும் பாலம் 2014-இல் திறந்த பிறகுதான் இரண்டு பக்கமும் இணைந்தன. தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு, ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி நெடுகிலும் ஈஸ்ட் கோஸ்ட் கிரீன்வே என்ற சின்னப் பலகை அங்கங்கே கண்ணில் படும். மெய்ன் மாநிலத்தின் கனடா எல்லையிலிருந்து ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் வரை சுமார் 3,000 மைலுக்குத் திட்டமிட்ட பாதை அது. பிளாக் கிரீக், ஒயிட் ஓக் இரண்டும் அதன் பகுதிகள். என் மகள் முதல் முறை அந்தப் பலகையைப் படித்துவிட்டு, "அப்போ நம்ம வீட்டுக்குப் பின்னால ஏறினா ஃபுளோரிடா போயிடலாமா?" என்று கேட்டாள். நடுவில் பல இடங்களில் இன்னும் சாலையில்தான் போக வேண்டும் என்று சொன்னேன். இதுவரை டர்ஹம் வரை போய்வந்திருக்கிறோம். வரும் அக்டோபர் கடைசியில், இலைகள் நிறம் மாறும்போது, கிழக்குப் பக்கம் நியூஸ் ஆற்றங்கரைப் பாதையில் ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் விடுவதாகத் திட்டம். அது மட்டுமே 27 மைலுக்கு மேல்.